வீட்டில் எத்தனை லைட் போட்டாலும் வெளி வெளிச்சம் ஆகாதா? (மகளுக்கு மைனஸ் பவர்)

பொதிகை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் மூன்றாம் வகுப்பு. போர்டில் எழுதுவது தெரியவில்லை என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25, அதாவது கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது). கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் ரெண்டு மணி நேரம் வெளியே விடுங்க" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாங்கள் இருப்பது பாளையங்கோட்டை. இங்கே வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "பொம்பளைப் பிள்ளை, கறுத்துப் போகும்" என்கிறார் அத்தை. அவள் படிக்கும் அறையில் என் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு எல்இடி ட்யூப் மாட்டிவிட்டார். இப்போது ராத்திரியிலும் பகல் போல இருக்கிறது. இது போதாதா? வெளிச்சம் வெளிச்சம்தானே?

ஸ்டூடியோ_ராஜா:

அக்கா, நான் கல்யாண வீட்டுப் போட்டோக்காரன். வைத்தியம் தெரியாது, வெளிச்சம் தெரியும். "பகல் போல இருக்கிறது" என்று கண் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

உங்கள் பதிவைப் படித்ததும் வெளிச்சம் அளக்கும் மீட்டரை எடுத்து எங்கள் வீட்டில் அளந்தேன். ஹாலில் ஒரு ட்யூப்லைட்டுக்கு மேசை மேல் 140 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). இன்னொன்றையும் போட்டால் 260. ஜன்னலை ஒட்டி, வெயில் நேராக விழாத இடத்தில் 900. வாசல் திண்ணையில் 3,000. வேப்பமர நிழலில் 11,000. நிழலை விட்டு இரண்டு எட்டு வெளியே வைத்தால் 90,000. காலை பதினோரு மணிக்கு எடுத்த கணக்கு இது.

ஹாலுக்கும் மர நிழலுக்கும் கிட்டத்தட்ட எண்பது மடங்கு வித்தியாசம். ஆனால் அங்கே போய் நின்றால் 'கொஞ்சம் வெளிச்சம் கூட' என்றுதான் தோன்றும். கேமராவுக்கு அந்தச் சமாளிப்பு தெரியாது. மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 3200 (மங்கலுக்கு ஏற்ற அதிக உணர்திறன்) வைத்து எடுத்துக்கொண்டிருந்துவிட்டு, பொண்ணு மாப்பிள்ளையை வாசலுக்குக் கூட்டி வந்து அதே செட்டிங்கில் அழுத்தினால் படம் வெள்ளைத்தாள்தான். புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் மாட்டுவார்கள்.

சந்தேகப்பிராணி:

அளவெல்லாம் சரி. கண்ணில் பவர் வருவதற்கும் லக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? நம் தாத்தாக்கள் சிம்னி விளக்கில் படித்தவர்கள். தெருவிளக்கில் படித்து ஹைகோர்ட் நீதிபதியான முத்துசாமி ஐயர் கதையைச் சொல்லாத வாத்தியார் உண்டா? அந்த வெளிச்சம் உங்கள் மீட்டரில் பத்து லக்ஸ் காட்டினால் பெரிது. உங்கள் கணக்குப்படி அவர்கள் எல்லாரும் சோடாபுட்டி கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

செல்போன்தான் காரணம். அதைப் பிடுங்கி வையுங்கள், எல்லாம் சரியாகும்.

ஆப்டோ_ஈரோடு:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். தினமும் பவர் பார்ப்பதுதான் வேலை. சந்தேகப்பிராணி அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் அவர் பார்த்தது தாத்தாவின் ராத்திரியை மட்டும். பகலில் அவர் எங்கே இருந்தார்? பள்ளிக்கூடத்துக்கு நடை, திரும்பி வந்ததும் வயல், மாடு, கிணறு. கண்ணுக்குக் கிடைத்த பகல் வெளிச்சத்தில் குறைவே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு ராத்திரியும் 200 லக்ஸ், பகலும் 200 லக்ஸ்.

வெளிச்சம் மாறும்போது கண் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணின் பாப்பா (நடுவில் ஒளி உள்ளே போகும் துளை) வெயிலில் இரண்டு மில்லிமீட்டர் வரை சுருங்கும், இருட்டில் எட்டு மில்லிமீட்டர் வரை விரியும். எட்டு என்பது இளவயதுக்காரர்களுக்கு. விட்டம் நான்கு மடங்கு என்றால் உள்ளே போகும் ஒளி பதினாறு மடங்கு, அவ்வளவுதான். ராஜா அளந்ததோ 140-லிருந்து 90,000 வரை, அறுநூறு மடங்குக்கு மேல். மீதியை விழித்திரை சமாளிக்கிறது. வெளிச்சம் கூடினால் அது தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும், குறைந்தால் கூட்டிக்கொள்ளும். இந்த வேலை நமக்குத் தெரியாமலே நடப்பதால்தான் அறை எவ்வளவு மங்கல் என்று நமக்கு உறைப்பதில்லை.

இனி பவர். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை 17 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பெரியவர்களுக்கு 24-ஐ ஒட்டி. வளர வேண்டியதைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறக்குறைய மைனஸ் இரண்டரை, மூன்று வந்துவிடும். ஆக, இந்த வளர்ச்சியை எது அடக்கி வைக்கிறது என்பதுதான் விஷயம். பலமான வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது. அது 'இனி நீளாதே' என்று சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று.

கோழிக்குஞ்சின் கண்ணில் மங்கலான மூடியைப் போட்டால் கண் கிடுகிடுவென நீண்டு கிட்டப்பார்வை வந்துவிடும். ஜெர்மனியில் டியூபிங்கன் ஆய்வாளர்கள் அப்படி மூடி போட்ட குஞ்சுகளைத் தினம் சில மணி நேரம் 15,000 லக்ஸில் விட்டார்கள். சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்த குஞ்சுகளைவிட இவற்றுக்குக் கிட்டப்பார்வை வெகுவாகக் குறைந்தது. 2009-இல் வெளியிட்டார்கள். அப்புறம் டோபமைனைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தபோது வெளிச்சம் கொடுத்த பாதுகாப்பு போய்விட்டது.

செல்போன் விஷயத்துக்கும் வருகிறேன். 1867-இல் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் பிரெஸ்லாவ் (இன்றைய போலந்தில் உள்ளது) நகரப் பள்ளிகளில் பத்தாயிரம் பிள்ளைகளைச் சோதித்து, மேல் வகுப்புக்குப் போகப் போகக் கிட்டப்பார்வை கூடுவதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது ஏது செல்போன்? வகுப்பறை வெளிச்சமும் பெஞ்சும் சரியில்லை என்று அவர் சண்டை போட்டார். செல்போன் நல்லது என்று நான் சொல்லவில்லை. அது பிள்ளையை வீட்டுக்குள்ளேயே கட்டிப் போடுகிறது, அந்த அளவில் அதுவும் குற்றவாளிதான்.

சிங்கை_செல்வன்:

இங்கே சிங்கப்பூரில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. ஆரம்பப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள், கண்ணாடி போடாத பிள்ளையைத் தேட வேண்டும். 2001-லேயே அரசு கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் தொடங்கிவிட்டது.

2008-இல் வந்த ஓர் ஆய்வை எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள், அதிலிருந்து மனத்தில் நின்றுவிட்டது. ஆறேழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3. ஒரே இனம், பெற்றோருக்குக் கண்ணாடி இருப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் வாசித்ததுகூட அதிகம்தான். பெரிய வித்தியாசம் வெளியே இருந்த நேரத்தில். அங்கே வாரத்துக்கு 13.75 மணி, இங்கே 3.05 மணி.

சந்தேகப்பிராணி:

ஒப்பிட்டுப் பார்த்தது மட்டும் போதாது தம்பி. சிட்னிக்காரர்கள் பள்ளியில் அவ்வளவு நெருக்கடி இல்லாமல் வளர்கிறார்கள், சாப்பாடு வேறு, தூக்கம் வேறு. யாராவது பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை வெளியே விட்டுப் பார்த்தார்களா?

ஆப்டோ_ஈரோடு:

பார்த்தார்கள். சீனாவில் குவாங்சோ நகரில் பன்னிரண்டு ஆரம்பப் பள்ளிகள். ஆறில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளி வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கம்போல. மூன்று வருஷம் கழித்து, வழக்கம்போல விட்ட பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. 2015-இல் வெளிவந்தது. தைவானில் 2010 முதல் தினமும் 120 நிமிடம் வெளியே என்று நாடு முழுக்கப் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள். பல வருஷமாக ஏறிக்கொண்டே இருந்த, பார்வை குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது.

குவாங்சோவில் கிடைத்தது ஒன்பது சதவீதப் புள்ளி, அதற்கு மேல் இல்லை. மந்திரம் போட்டது போல யாருக்கும் பவர் நிற்கவில்லை. வெளிச்சம் மட்டும்தான் காரணமா என்பதிலும் இன்னும் வாதம் உண்டு. வெளியே கண் தூரத்தில் நிலைக்கிறது, வீட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்தடியில் சுவர். ஜப்பானில் ஒரு குழு, சூரிய ஒளியில் உள்ள ஊதா அலைநீளம்தான் முக்கியம் என்கிறது. இப்போதைய வீட்டு எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. எது எத்தனை பங்கு என்று இன்னும் யாரும் பிரித்துச் சொல்லிவிடவில்லை. பிள்ளையை வெளியே விட்டால் மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன, அதனால் அம்மாவுக்கு இந்தச் சண்டை தேவையில்லை.

சந்தேகப்பிராணி:

சரி, பள்ளி வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்றால் ஒப்புக்கொள்ளலாம். முத்துசாமி ஐயரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர்:

உதய சூரியனை நேராகப் பார்த்தால் பவர் குறையும் என்று ஒருவர் இங்கே போட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்த்தால் விழித்திரையின் நடுப்பகுதியே கருகும். கிரகணத்துக்குக் கிரகணம் அப்படிப் பார்வை இழந்தவர்கள் உண்டு. வெளியே இருப்பது வேறு, சூரியனை முறைப்பது வேறு.

ஓய்வு_வாத்தியார்:

பிள்ளைகள் பேச்சுக்கு நடுவே கிழவன் ஒரு கேள்வி. எனக்கு வயது 66. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் ஹாலில் உட்கார்ந்து பேப்பரில் தலைப்பைத் தவிர எதையும் படிக்க முடியாது. அதே பேப்பரை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு வந்தால் வரி விளம்பரம்கூடத் தெரிகிறது. "உங்களுக்குக் கண் நல்லாத்தான் இருக்கு, வீட்டு வேலை சொன்னா மட்டும் தெரியாது" என்கிறாள் வீட்டம்மா. இது எதனால்?

ஆப்டோ_ஈரோடு:

ஐயா, அம்மாவிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள். வெயிலில் உங்கள் பாப்பா சுருங்கிவிடுகிறது. ஊசித்துளை வழியாகப் பார்ப்பது போல. துளை சிறியதானால் ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் கதிர்கள் தடைபடும், கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு தெளிவாக விழும். லென்ஸுக்கு மடங்கிக்கொடுக்கும் சக்தி போன பிறகும், துளை அந்தக் குறையைப் பாதி மறைத்துவிடுகிறது. ஹாலுக்குள் வந்தால் துளை விரியும், குறை வெளிப்படும். மங்கலான ஓட்டலில் மெனு கார்டைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறவர்கள் எல்லாம் உங்கள் கட்சிதான்.

இன்னொன்று. அறுபது வயதில் பாப்பா இளவயதுபோல முழுதாக விரியாது, லென்ஸும் மஞ்சளித்துவிடும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகும். பேரனுக்குப் போதுமான விளக்கு தாத்தாவுக்குப் போதாது. உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு வாங்கி வையுங்கள்.

ஸ்டூடியோ_ராஜா:

எங்கள் பாஷையில், ஐயாவுக்கு எஃப்/16-இல் (லென்ஸின் சின்னத் துளை) டெப்த் கிடைக்கிறது, கிட்டேயும் தூரமும் சேர்ந்து தெளிவு.

கோவை_டிராவல்ஸ்:

நானும் கேட்டுவிடுகிறேன். வாரா வாரம் கோயம்புத்தூர்–திருச்சூர் ஓட்டுகிறேன். வடக்கஞ்சேரி தாண்டிக் குதிரான் டனல் வரும். மதிய வெயிலில் உள்ளே நுழைந்ததும் ஒரு விநாடி, இரண்டு விநாடி ஒன்றுமே தெரியாது. முன்னால் போகிற லாரியின் பின் விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரியும். ராத்திரி அதே டனல் நன்றாகவே தெரிகிறது. பகலில் லைட்டை அணைத்து வைக்கிறார்களோ என்று நினைத்திருந்தேன்.

வயர்மேன்_வேலு:

அணைக்க மாட்டார்கள் அண்ணா, தலைகீழ். பகலில்தான் டனல் வாயில் அதிக வெளிச்சம் தர வேண்டும், உள்ளே போகப் போகக் குறைத்துக்கொண்டே போவார்கள். ராத்திரி வாயில் விளக்கைக் குறைத்துவிடுவார்கள். ரோட்டு விளக்கு வேலைக்குப் போயிருக்கிறேன், டனல் என்றாலே இதுதான் கணக்கு. வாயில் பகுதியில் பாதி விளக்கு எரியாமல் கிடந்தால் ஓட்டுபவருக்கு அது குகை வாய் போலத்தான் இருக்கும்.

ஆப்டோ_ஈரோடு:

வேலு அண்ணன் சொன்னதுதான். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் கண் சில விநாடிகளில் சமாளித்துவிடும், முழுக்கச் சரியாக ஒன்றிரண்டு நிமிடம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போவதுதான் மெதுவான வேலை. நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் தங்களால் முடிந்த அளவுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். இருட்டில் பார்க்கும் குச்சி செல்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல். வெயிலில் வெளுத்துப்போன நிறமி திரும்ப உருவாக வேண்டும், அதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்த பிள்ளைகளுக்குத்தான் மாலைக்கண்.

குதிரான் ஒரு கிலோமீட்டர் அளவுதானே. 80-இல் போனால் முக்கால் நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். கண் பழகத் தொடங்கும்போதே டனல் முடிந்திருக்கும். கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் நுழைவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், வேகத்தையும் வாசலிலேயே குறையுங்கள். ராத்திரி எதிரே ஹைபீம் போட்டு வருகிறவனின் விளக்கைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பாருங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அந்தக் கூச்சம் தெளிய முன்பைவிட அதிக நேரம் எடுத்தால் ஒருமுறை புரை பார்த்துக்கொள்வது நல்லது. லென்ஸ் கொஞ்சம் கலங்கினாலே எதிர் விளக்கு கண்ணுக்குள் சிதறிப் பரவும்.

வயர்மேன்_வேலு:

அம்மா மாட்டிய புது எல்இடி ட்யூபைப் பற்றி யாரும் பேசவில்லை. விலை குறைந்த ட்யூப்களில் டிரைவர் (உள்ளே கரண்டைச் சீராக்கும் பாகம்) ஒழுங்காக இருக்காது. நம் கரண்ட் 50 சைக்கிள், அதனால் அந்த விளக்கு விநாடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. போனில் ஸ்லோமோஷன் வைத்து விளக்கைப் படம் பிடியுங்கள். வெளிச்சம் படபடவென்று துடித்தாலோ, பட்டை பட்டையாக ஓடினாலோ அதைப் படிக்கும் அறையிலிருந்து கழற்றுங்கள். பழைய பட்டி சோக் ட்யூப்லைட்டுக்கும் இதே வியாதி இருந்தது. ஒரு வீட்டில் பையனுக்குத் தலைவலி தலைவலி என்று ஸ்கேன் வரை போய்விட்டார்கள். மேசைக்கு மேலே இருந்த ட்யூபை மாற்றிக் கொடுத்தேன், அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எல்லாப் பெட்டிமேலும் 'கண்ணுக்கு இதம்' என்றுதான் அச்சடித்திருக்கும்.

சந்தேகப்பிராணி:

ட்யூப் மாற்றியதால்தான் தலைவலி போயிற்று என்பதற்கு என்ன ஆதாரம் வேலு?

ஆப்டோ_ஈரோடு:

அந்த வீட்டுப் பையனுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிரிட்டனில் 1989-இல் ஓர் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல் ட்யூப்லைட்டின் சோக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். துடிக்காத எலக்ட்ரானிக் வகை இருந்த காலத்தில் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே போயின. எல்லாருக்கும் வருவதில்லை, சிலரைத்தான் அது படுத்துகிறது.

துடிப்பால் தலைவலி வரலாம், கிட்டப்பார்வை வராது. மங்கலில் படித்தால் கண் அசதி வரும், கண் கெட்டுப்போகாது. கண் உலர்வது விளக்கால் அல்ல, இமைக்க மறப்பதால். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தடவை இமைப்பவர்கள், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. எங்கள் கடைகளில் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும், நீல ஒளியைத் தடுக்கும் 'ப்ளூ கட்' கண்ணாடி இதற்கெல்லாம் மருந்து இல்லை. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கண் அசதிக்கு அதனால் பெரிய பலன் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2023-இல் எழுதிவிட்டது. இதை எழுதியதற்கு எங்கள் முதலாளி என்னைத் தேடாமல் இருந்தால் சரி.

பொதிகை_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்லோமோஷனில் பார்த்தோம், இரண்டு ட்யூபில் ஒன்று துடிக்கிறது. கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் மூன்று சந்தேகம். வெளியே விட்டால் இப்போது இருக்கும் 1.25 குறையுமா? உச்சி வெயிலில்தான் விட வேண்டுமா? தொப்பி போட்டால் பலன் போய்விடுமா? அத்தையைச் சமாதானப்படுத்த ஏதாவது வழி வேண்டும்.

ஆப்டோ_ஈரோடு:

குறையாது அக்கா. நீண்ட கண் திரும்பச் சுருங்காது. கண்ணாடியைக் கழற்றி வைத்தாலும் பலன் இல்லை, முழு நேரமும் போடட்டும். பவர் வருவதைத் தள்ளிப்போடுவதில்தான் வெளி வெளிச்சத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வந்த பிறகு ஏறும் வேகத்தைக் குறைப்பதில் ஆதாரம் அவ்வளவு பலமில்லை. தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் சேர்த்து விடுங்கள், அதிக லாபம் அவர்களுக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதியுங்கள். வேகமாக ஏறினால் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து உண்டு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மைனஸ் ஆறைத் தாண்டினால் விழித்திரை விலகும் ஆபத்து கூடும், அதனால்தான் இவ்வளவு பாடு.

உச்சி வெயில் வேண்டாம். மர நிழல் போதும், தொப்பியும் போடலாம். தொப்பி போட்ட பிறகும் கண்ணுக்கு வருவது வீட்டுக்குள் இருப்பதைப் போலப் பல மடங்கு. கடற்கரையிலும் வயலிலும் வருஷக் கணக்கில் வெறும் கண்ணோடு வெயிலில் நிற்பவர்களுக்குத்தான் கண்ணில் சதை வளர்வது அதிகம், புரையும் முந்துகிறது. அத்தை பயப்படுவதில் நிறத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் நியாயம் உண்டு.

ஸ்டூடியோ_ராஜா:

அத்தைக்காகவே இன்று காலையில் மொட்டைமாடியில் அளந்தேன். சூரியன் கிளம்பிய நேரத்தில் சில நூறு லக்ஸ்தான். அரை மணி கழித்து 5,000-ஐ நெருங்கியது. ஏழரைக்கு 20,000 தாண்டிவிட்டது, தோலில் சூடே இல்லை. சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரையும் அப்படித்தான் வரும். காலையில் அரை மணி, சாயங்காலம் ஒரு மணி. மீதியைப் பள்ளிக்கூடத்தில் பிடிக்க வேண்டும்.

பொதிகை_அம்மா:

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்கிறார்களே!

ஓய்வு_வாத்தியார்:

அம்மா, நானும் கணக்கு வாத்தியார்தான், எத்தனையோ பி.டி. பீரியடை விழுங்கியிருக்கிறேன். தலைமை ஆசிரியரிடம் போய் "பி.டி.யைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், பாடம் முடியவில்லை என்பார். மதியச் சாப்பாட்டை வகுப்பறைக்குப் பதிலாக மரத்தடியில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பிரேயரை ஹாலிலிருந்து மைதானத்துக்கு மாற்றக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் முக்கால் மணி வந்துவிடும், பாடத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. குவாங்சோக்காரர்களும் இருந்த வகுப்பைப் பிடுங்கவில்லை, 40 நிமிடத்தைப் புதிதாகத்தானே சேர்த்தார்கள்? அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். தனியாகப் போகாமல் நாலு பெற்றோராகப் போங்கள்.